பரிசமும் பத்திரமும்: ஈசான் சிற்றூர் ஒன்றில் ஓர் ஆங்கிலேய மருமகன்

தாய்லாந்தின் வடகிழக்கில், உடோன் தானி மாகாணத்தின் கும்பவாபி வட்டத்தில், நெல்லும் கரும்பும் விளையும் ஒரு சிற்றூரில் வாழும் குடும்பத்தைப் பற்றிய ஆய்வு இது. கணவர் வட இங்கிலாந்தில் பேருந்துப் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்திருந்த அவர் 2009ஆம் ஆண்டில், தமது 58ஆம் வயதில், இவ்வூர்ப் பெண் ஒருவரை மணந்து இங்கேயே குடியேறினார். மனைவிக்கு அப்போது 41 வயது; முதல் கணவர் விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன; ஒரு மகளும் ஒரு மகனும் உண்டு. நான் உடோன் தானி நகரில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த வீட்டுக்கு அடிக்கடி போவேன், தங்கவும் செய்வேன். அங்கிருந்து வந்த பிறகும் தொடர்பு அறுந்துவிடவில்லை. தங்கள் வாழ்க்கையை எழுத இருவரும் மனமுவந்து இசைந்தார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இத்தகைய திருமணங்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டே கதைகள்தான் இருக்கின்றன. ஒன்றில் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்த முதியவர் வருவார். மற்றதில் வறுமைக்கு விலைபோன பெண் வருவார். இந்த வீட்டை நெடுநாள் அருகிலிருந்து பார்த்த எனக்கு, இவர்களை இரண்டில் எதிலும் பொருத்த முடியவில்லை. இங்கே எழுந்த பூசல்களில் பெரும்பாலானவை பணத்தை ஒட்டியே எழுந்தன என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால், கொடுத்தாயிற்று என்றால் கணக்கு தீர்ந்தது என்று நம்பி வளர்ந்த ஒருவரும், கொடுத்த இடத்தில்தான் உறவே தொடங்குகிறது என்று நம்பி வளர்ந்த ஒரு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்ததால் விளைந்த பூசல்கள் அவை. இதை நான் ஒரு கருத்தாக மட்டும் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. நடந்தவற்றின் வரிசையிலேயே காட்ட முயல்கிறேன்.

ஊரும் அதன் நினைவும்

இருபது மாகாணங்கள் அடங்கிய இந்த வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நாம் வீடு கட்டும்போது பார்க்கிற ஈசானிய மூலையும் இதுவும் ஒரே சொல்தான். ஈசான் மக்களில் பெரும்பாலோரின் தாய்மொழி லாவோ மொழியின் ஒரு வழக்கு; பள்ளியிலும் அலுவலகத்திலும் மட்டுமே பாங்காக்கில் பேசும் 'தாய்' (Thai) மொழி. மணல் கலந்த, நீரைத் தாங்காத மேட்டுநிலம் இது. பாசனம் இல்லாத ஊர்களில் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் ஒட்டும் அரிசிக்கான நெல் விளையும். மீதி மாதங்களில் இளைஞர்கள் பாங்காக்கைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குப் போவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்வார்கள். இந்தக் குடும்பத்து மனைவியும் சமுத் பிராகானில் ஒரு தையல் ஆலையில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். மாதந்தோறும் அவர் அனுப்பிய பணத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது.

வெள்ளைக்காரரைத் தாய்லாந்து மக்கள் 'ஃபரங்' என்பார்கள். நம்முடைய 'பரங்கி' பிறந்த அதே வேரில் பிறந்த சொல் அது. கொய்யாப்பழத்துக்கும் அங்கே அதே பெயர். நாம் பூசணிக்கு வைத்ததுபோல. இந்த ஊருக்கு ஃபரங் என்பது புதிய காட்சி அன்று. வியட்நாம் போர்க் காலத்தில் உடோன் தானியில் அமெரிக்க விமானப் படைத்தளம் இயங்கியது. 1976இல்தான் கடைசி வீரர்கள் வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளில் வீரர்களோடு மாதக் கணக்கில் குடும்பம் நடத்திய பெண்களை ஊர் 'மியா சாவ்' என்றது. வாடகை மனைவி என்று பொருள். மாமியார் அப்போது இளம்பெண். அவருடன் நாற்று நட்ட தோழி ஒருத்தி அப்படிப் போய், படை கிளம்பியதும் கையில் குழந்தையோடு திரும்பி வந்ததை அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் அதை ஒரே சொற்களில் சொன்னார். மகளின் திருமணத்தில் அவர் பிடித்த பிடிவாதம் எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

பரிசம்

தாய்லாந்தில் பணமும் நகையும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும். பெண்ணின் பெற்றோருக்குத் தரப்படும் தொகைக்கு 'சின்சோட்' என்று பெயர். பேச்சுவழக்கில் அதைப் பால்விலை என்றும் சொல்வார்கள். தாய் ஊட்டிய பாலுக்குக் காட்டும் நன்றி என்பது கருத்து. இவர்கள் மணந்த நாளில் சிவில் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பின் 1437ஆம் பிரிவு, பெண் மணத்துக்கு இசைந்ததற்காக அவளுடைய பெற்றோருக்குத் தரப்படும் சொத்து என்றே இதை வரையறுத்தது. நம் பக்கத்தில் பரிசம் போடுவது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பவர்களுக்கு இது அந்நியமாக இராது.

மாமியார் கேட்டது 200,000 பாட்டும் இரண்டு பாட் எடைத் தங்கச் சங்கிலியும். பாட் என்பது தாய்லாந்தின் நாணயம்; அங்கே தங்கத்தின் எடையையும் அதே சொல்லால்தான் அளப்பார்கள். ஒரு பாட் நகை ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். உடோன் நகரத்து மதுக்கடைகளில் கூடும் பிற வெளிநாட்டவர் நம் மாப்பிள்ளையிடம் ஒரே குரலில் சொன்னார்கள்: மணமுறிவானவள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இதற்கெல்லாம் சின்சோட் கிடையவே கிடையாது, உன்னை ஏமாற்றுகிறார்கள். மறுமணத்தில் தொகை குறையும், சில வீடுகளில் இல்லாமலே போகும் என்பது உண்மைதான். ஆனால் மாமியாருக்கு வேண்டியிருந்தது பணம் மட்டுமல்ல. ஊர் பார்க்க, தட்டில் வைத்து, பெரியவர்கள் எண்ணிப் பார்க்க, ஒரு ஃபரங் தம் மகளுக்கு முறையாகப் பரிசம் போட்டான் என்ற செய்தி. வாடகை மனைவி என்ற சொல் இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதற்கு அவர் கண்ட ஒரே காப்பு அதுதான். அவர் இதை மருமகனிடம் சொல்லவில்லை; சொல்லவும் மொழியில்லை.

மருமகன் கொடுத்தார். அந்தப் பணத்தில் மாமியார் விவசாயக் கடனை அடைத்து, அடகில் இருந்த நிலப்பத்திரத்தை மீட்டார். சில குடும்பங்கள் தொகையைத் தட்டில் காட்டிவிட்டுப் புதுமணத் தம்பதியிடமே திருப்பித் தந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்த மருமகன், தமது பணமும் அப்படித் திரும்பும் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தார். ஓராண்டு கழித்துத்தான் அது எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது. "கடன் என்று சொல்லியிருந்தால் கடனுக்காகவே கொடுத்திருப்பேன்" என்று அவர் என்னிடம் வருந்தினார். மாமியாருக்கோ, கடன் இருக்கிறது என்று புது மருமகனிடம் சொல்வதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

திருமணத்தை நான் பார்க்கவில்லை. ஒளிப்படங்களில் பார்த்தேன். வாழையிலையால் கோபுரமாகக் கட்டிய பாய்சியின் முன்னே இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். முன்னாளில் துறவியாக இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மந்திரம் ஓதுகிறார். அவரை அங்கே 'பிராம்' என்று அழைக்கிறார்கள். பிராமணர் என்ற சொல்லின் திரிபு அது, சாதியைக் குறிப்பதில்லை. மனிதனுக்குள் 32 உயிர்ப்பண்புகள் உண்டென்றும், அதிர்ச்சியிலும் பிரிவிலும் பயணத்திலும் அவை உடலைவிட்டு அலைந்துபோகும் என்றும், அவற்றை அழைத்து வந்து வெள்ளை நூலால் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும் என்றும் ஈசான் மக்கள் நம்புகிறார்கள். ஊரே வரிசையில் வந்து கட்டியதில் மருமகனின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெளுத்திருக்கின்றன. அன்றிரவு குளிக்கப் போகுமுன் அவர் கத்தரிக்கோலால் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டார். குறைந்தது மூன்று நாளாவது கையில் இருக்க வேண்டும், கழற்றினாலும் முடிச்சை அவிழ்த்துத்தான் கழற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மனைவி ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்துவைத்தார். அந்த முடிச்சை நான் பார்த்திருக்கிறேன். அலமாரியில் திருமணச் சான்றிதழின் மேல் இருக்கிறது.

வீட்டோடு மாப்பிள்ளை

நம் ஊரில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் குரலில் ஓர் ஏளனம் வந்துவிடும். ஈசானில் பழைய முறையே அதுதான். மணமானவுடன் ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். மாமனாரின் நிலத்தில் உழைப்பான். மூத்த பெண்கள் ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் போன பிறகு, கடைசி மகளும் அவள் கணவனும் பெற்றோருடனேயே இருந்து, அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு உரிமையாளர் ஆவார்கள். இந்த வீட்டு மனைவி கடைசி மகள். ஆகவே இந்த ஆங்கிலேயர் வந்து சேர்ந்தபோது, அவர் உட்கார வேண்டிய இடம் அந்த வீட்டில் முன்பே தயாராக இருந்தது. 'கொய்' என்பது மருமகனைக் குறிக்கும் சொல். 'கொய் ஃபரங்' என்று ஊர் அவரை அழைத்தது. அவர் ஒரு பெண்ணை மணந்துகொண்டதாக எண்ணியிருந்தார். ஊரோ, அந்த வீட்டுக்கு ஒரு மருமகன் வந்துவிட்டான், இனி கூரையும் மாமியாரின் முதுமையும் அவன் பொறுப்பு என்று எண்ணியிருந்தது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் இதற்கு மேல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்று நான் கருதுகிறேன்.

அன்றாட வாழ்வில் அவரைத் திணறடித்தவை பெரும்பாலும் சிறியவை. விடியுமுன் ஊர்த்தலைவரின் ஒலிபெருக்கி அறிவிப்பு. சைக்கிளை எடுத்தால் "எங்கே போறீங்க?" என்றும், திரும்பினால் "சோறு தின்னாச்சா?" என்றும் கேட்கும் பத்து வாய்கள். அவருக்கு அது வேவு பார்ப்பதாகப் பட்டது. கதவைத் தாழிட்டுக்கொண்டு இருப்பவரைக் கண்டால் ஊர் உடல்நலமில்லை என்று எண்ணிக் கஞ்சி கொண்டுவந்தது.

மொய் விஷயம் அவ்வளவு சிறியதன்று. துறவு பூணுதல், புதுமனை புகுதல், திருமணம், சாவு, கோயிலுக்குக் காவியாடை சாத்துதல் என்று ஒவ்வொன்றுக்கும் உறை வரும். உள்ளே பணம் வைத்துத் திருப்பித் தர வேண்டும். அறுவடை முடிந்து அடுத்த மழை வரும்வரை உள்ள மாதங்களில் இவை மழையாகவே பொழியும். கணவர் கணினியில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதில் செலவு என்ற ஒரே பத்தி. மனைவியிடம் பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. அதில் கொடுத்தது, வந்தது என்று இரண்டு பத்திகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. 2010இல் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது அந்த உறைகளெல்லாம் திரும்பி வந்தன. அரிசியும் கோழியும் ஆள்பலமும் சேர்ந்து வந்தன. அப்போதும் அவர் இதை ஊரின் பெருந்தன்மை என்று வியந்தாரே தவிர, அந்த இரண்டாம் பத்தியைக் கண்டுகொள்ளவில்லை.

நெல் பணம் வராத ஆண்டு

2011 செப்டம்பரிலிருந்து 2012 இறுதிவரை, முதன்முறை வண்டி வாங்குவோருக்கு 100,000 பாட் வரை வரியைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை அரசு நடத்தியது. ஊரின் மறுகோடியில் தம் மனைவி வீட்டில் வாழ்ந்த மைத்துனர் அந்தத் திட்டத்தில் தவணைக்கு ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். அதே காலத்தில் நெல் ஈட்டுத் திட்டமும் இருந்தது. சாதாரண நெல்லுக்கு டன்னுக்கு 15,000 பாட், மணமுள்ள மல்லிகை நெல்லுக்கு 20,000 பாட் என்று சந்தைவிலைக்கு வெகுவாக மேலே அரசு விலை கொடுத்தது. அந்த வருமானத்தை நம்பித்தான் தவணை.

2013 அறுவடை நெல்லை மைத்துனர் ஆலையில் ஒப்படைத்து ஈட்டுச்சீட்டு வாங்கிக்கொண்டார். பணம் வரவில்லை. டிசம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது; பிப்ரவரித் தேர்தல் செல்லாது என்று பின்னர் தீர்ப்பாயிற்று; காபந்து அரசால் கடன் வாங்கவும் இயலவில்லை; நாடெங்கும் உழவர்கள் சீட்டும் கையுமாகக் காத்திருந்தார்கள். மூன்றாவது தவணையும் தவறினால் வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள் என்ற நிலையில், 2014 ஜனவரியில் மைத்துனர் தங்கையின் கணவரிடம் 60,000 பாட் கேட்டார். தாமே நேரில் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்ல, அம்மா மகளிடம் சொல்ல, மகள் கணவரிடம் சொன்னார். அங்கே 'கிரெங் சாய்' என்றொரு பண்பு உண்டு. பிறர் மனத்துக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்ற கூச்சம். முகத்துக்கு நேரே கேட்டால் மறுக்கிற வாய்ப்பைப் பறித்ததாகிவிடும் என்பதால்தான் சுற்றிவளைத்துக் கேட்பார்கள்.

சுற்றிவளைத்து வந்ததே கணவருக்குச் சதிபோலத் தோன்றியது. முதலில் பரிசம், பிறகு வீடு, இப்போது வண்டி. மதுக்கடையில் கேட்ட கதை தம் வீட்டிலேயே நடக்கிறது என்று முடிவு கட்டினார். நெல் பணம் நாடு முழுக்க நின்றிருக்கிறது என்ற செய்தி அவர் காதில் விழுந்திருக்கவில்லை. அவர் பார்த்த ஆங்கிலச் செய்திகளில் பாங்காக் தெருப் போராட்டம் மட்டுமே இருந்தது. தாம் ஒன்றும் வங்கி அல்ல என்று மாமியாரின் முன்னிலையிலேயே உரக்கச் சொன்னார். மனைவி அதை மொழிபெயர்க்கவில்லை. குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததை நான் பார்த்தேன், ஏனென்றால் அந்த வாரம் நான் அங்கே தங்கியிருந்தேன். மாமியார் இரவே ஊறவைத்த ஒட்டும் அரிசியை ஐந்து மணிக்குக் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் ஆவி கட்டி, பிசைந்து ஆறவிட்டு, மூடிபோட்ட சிறு மூங்கில் செப்பில் அடைத்து மகள் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போவார். கிரதிப் என்பார்கள் அந்தச் செப்பை. திருமணமான நாளிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை. அன்று படி வெறுமையாக இருந்தது. கணவர் ரொட்டியைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை. மனைவி வாசலில் நின்று படியையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஐந்து நாள் படி அப்படியே இருந்தது. "அம்மா கோபப்படவில்லை. இனிமேல் நாம் வேறு வீடு என்று சொல்கிறார்" என்று மனைவி எனக்கு விளக்கினார்.

ஈசான் திருமணங்களில் தம்பதிக்குப் புத்தி சொல்லவும் பூசல் தீர்க்கவும் ஒரு மூத்தவரை அமர்த்துவது பழைய வழக்கம்; அவரைப் 'போ-லாம்' என்பார்கள். ஆறாம் நாள் அவர் வந்தார். ஒரு மணி நேரம் மழையைப் பற்றியும் தம் மாட்டைப் பற்றியும் பேசினார். கணவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது எழுந்து நின்றுகொண்டே, வண்டியின் எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறதாம், மருமகன் ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்றார். பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கணவர் போய்ப் பார்த்தார். சத்தம் உண்மையாகவே இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது மைத்துனர் சட்டைப்பையிலிருந்து ஈட்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். நான் அதை ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னேன். தேதி, எடை, தொகை எல்லாம் அதில் இருந்தன. கணவர் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அன்று மாலை 20,000 பாட் கொடுத்தார். கடன் என்று சொல்லவில்லை, தம்மால் முடிந்தது இவ்வளவு என்றார். மே 22 அன்று நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு நெல் பணம் பட்டுவாடா ஆயிற்று. வண்டி பிழைத்தது. கிரதிப்போ, அவர் 20,000 கொடுத்த மறுநாள் காலையிலேயே படிக்கு வந்துவிட்டிருந்தது.

அந்த எஞ்சின் அவருக்கு இன்னொரு கதவையும் திறந்தது. ஊரில் உழவுக்குப் பயன்படும் கையுழவு எந்திரத்தை 'இரும்பெருமை' என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு, பாதி பழுதாகிக் கிடக்கும். அடுத்த நடவுக்குள் பத்துப் பன்னிரண்டு இரும்பெருமைகள் அவர் கொட்டகைக்கு வந்துபோயின. கூலி வாங்கவில்லை; மீனும் காளானும் கோடையில் செவ்வெறும்பு முட்டையும் வந்தன. மனைவியின் நோட்டில் வந்தது என்ற பத்தி நிறையத் தொடங்கியது.

பத்திரம்

உறவு ஒழுங்குக்கு வந்தாலும் சட்டம் அப்படியே இருந்தது. 1954ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பொதுவாகத் தாய்லாந்தில் நிலம் வாங்க முடியாது. தாய்லாந்து மனைவி வாங்கலாம்; 1999 முதல், வாங்கும் பணம் மனைவியின் தனிச்சொத்து என்று கணவரும் சேர்ந்து எழுதிக்கொடுக்க வேண்டும். இவர்களுடைய வீடோ மாமியார் பெயரிலிருந்த நிலத்தில் நின்றது. மாமியார் மறைந்தால் வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. வீடு யாருடைய பங்கில் விழும் என்று சொல்ல முடியாது. பூசலின்போது கணவரை உள்ளூர அரித்தது இந்த அச்சம்தான் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

உடோன் வழக்கறிஞர் ஒருவர் நல்ல வழி ஒன்றைக் காட்டினார். சிவில் சட்டத் தொகுப்பின் 1417ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் வாழ்ந்து அதன் பயனை அனுபவிக்கும் உரிமையை ஒருவருக்கு ஆயுள்வரைக்கும் பதிந்து தர இடம் தருகிறது. வெளிநாட்டவருக்கும் இது கிடைக்கும். ஆனால் மனைவி கணவருக்கு இதை எழுதிக்கொடுத்தால், தம்பதிக்கிடையே செய்த ஒப்பந்தத்தை மணவாழ்வின்போதோ அது முடிந்த ஓராண்டுக்குள்ளோ ரத்து செய்யலாம் என்ற 1469ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆகவே நிலத்தை அளந்து வீடு நிற்கும் பகுதிக்குத் தனிப் பத்திரம் பிரித்து, மாமியாரே மருமகனுக்கு ஆயுள் அனுபவ உரிமையைப் பதிந்து கொடுத்து, அதன் பிறகு அந்தப் பத்திரத்தை மகள் பெயருக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. 2015இல் மூவரும் நில அலுவலகத்துக்குப் போனார்கள். மாமியார் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, "இனி மாப்பிள்ளைக்குத் தூக்கம் வரும்" என்றார்.

வீடு கட்டிய பிறகு இதைச் செய்தது சுற்றுவழி. முன்பே செய்திருக்க வேண்டும். இந்நிலையில் இருக்கும் யாரும் முதல் செங்கல் வைக்குமுன் பத்திரத்தின் வகையைப் பார்த்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். நிலச் சீர்திருத்தத்தின்கீழ் உழவருக்கு ஒதுக்கப்பட்ட 'சோ போ கோ' நிலமாக இருந்தால் அதை விருப்பம்போல் விற்க முடியாது, பெரும்பாலும் வாரிசுக்குத்தான் போகும். ஈசானில் அத்தகைய நிலம் நிறைய.

மனைவியின் பக்கம்

இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதுவோர் கணவரின் திணறலையே பெரிதாக எழுதுகிறார்கள். இங்கே இருவருக்குமிடையே பாலமாகக் கிடந்து மிதிபட்டவர் மனைவி. கணவர் சொன்னதில் பாதியைத்தான் அம்மாவிடம் சொன்னதாகவும், அம்மா சொன்னதில் பாதியைத்தான் கணவரிடம் சொன்னதாகவும் அவர் என்னிடம் சொன்னார். "இரண்டு பேருக்கும் மற்றவர் நல்லவராகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், ஆசிரியரே. ஐந்து வருடம் அப்படியே ஓட்டினேன். அதனால்தான் சண்டை வந்தபோது இருவருக்கும் அவ்வளவு அதிர்ச்சி." 'மியா ஃபரங்', வெள்ளைக்காரன் மனைவி, என்ற பெயரோடு சந்தைக்குப் போனால் அவரிடம் மட்டும் விலை கூடியது, சங்கத்துக்கும் கோயிலுக்கும் நன்கொடை கேட்கையில் அவர் பெயர் முதலில் வந்தது. பெற்றோருக்குக் கைம்மாறு செய்யும் மகள் என்ற பெருமையும், பணத்துக்குப் போனவள் என்ற முணுமுணுப்பும் ஒரே வாயிலிருந்து வந்தன. அந்தப் பூசலுக்குப் பிறகு கணவர் பாங்காக் மொழிப் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மாமியாரின் திண்ணையில் உட்கார்ந்து ஈசான் பேச்சைக் கற்கத் தொடங்கியதைத்தான் இந்த மணவாழ்வின் பெரிய பரிசு என்று மனைவி கருதுகிறார். தொனி பிசகி அவர் உளறியதெல்லாம் ஊருக்குப் பெரும் மகிழ்ச்சி. பச்சைப் பப்பாளி சாலட்டுக்கு அந்த வீட்டில் இரண்டு உரல்கள் இருந்தன, ஊறவைத்த மீன் சேர்ந்தது ஒன்று, சேராதது ஒன்று. எப்போது என்று யாருக்கும் நினைவில்லை, ஒரே உரல் ஆகிவிட்டது.

நாலு லட்சம்

தாய்லாந்து மனைவியுடன் வாழும் வெளிநாட்டவர் ஆண்டுதோறும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க, மாதம் 40,000 பாட் வருமானத்தைக் காட்ட வேண்டும். அல்லது வங்கியில் 400,000 பாட் இரண்டு மாதம் இருக்க வேண்டும். கணவர் முதல் வழியில், தூதரகம் தந்த வருமானக் கடிதத்தை வைத்து ஒப்பேற்றி வந்தார். 2016இல் பிரெக்சிட் வாக்கெடுப்பையொட்டி பவுண்டு சரிந்தது. அதே ஆண்டு தொடங்கிய அரசு ஓய்வூதியமோ, தாய்லாந்தில் வாழ்வோருக்கு ஆண்டு உயர்வின்றித் தொடங்கிய அளவிலேயே உறைந்து நிற்கும். 2019 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் தூதரகம் வருமானக் கடிதம் தருவதையும் நிறுத்திவிட்டது. வங்கியில் நாலு லட்சம் காட்டியே ஆக வேண்டிய நிலையில் அவர் கையில் மூன்று லட்சம்தான் இருந்தது.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் கூசினார், அதற்குள் அவருக்கும் கிரெங் சாய் வந்திருந்தது. மனைவி தம் திருமணச் சங்கிலியை அடகுவைத்து 30,000 கொண்டுவந்தார். மாமியார் இரண்டு மாடுகளை விற்று 50,000 கொடுத்தார். மைத்துனர் ஒரு மாலை அதே பிக்கப்பில் வந்து, எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே 20,000 பாட்டை மேசைமேல் வைத்தார். ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி நோட்டில் எழுதினாரா என்று கேட்டேன். "எழுதினேன்" என்றார்.

தீராதவை உண்டு. கணவருக்கு எழுபது கடந்துவிட்டது. தாய்லாந்துக் குடிமக்களுக்குரிய இலவச மருத்துவம் அவருக்கு இல்லை. இந்த வயதில் தனியார் காப்பீடு கட்டுப்படியாகவில்லை. பெரிய அறுவை சிகிச்சை ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு இருவரிடமும் விடையில்லை. மாமியார் 2022இல் இறந்தார். கோயில் மதிலில் எலும்புகளை வைக்கும் சிறு மாடம் ஒன்றைத் தமக்கு வாங்கியபோதே பக்கத்து மாடத்துக்கும் அவர் பணம் கட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்திலுள்ள தம் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று கணவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மனைவியின் மகள் ராயோங்கில் ஓர் ஆலையில் வேலை செய்கிறார். அவருடைய பெண் குழந்தை, தாய் வளர்ந்தது போலவே, பாட்டி வீட்டில் வளர்கிறாள். தாத்தாவை ஈசானில் 'போ-யை' என்பார்கள். அவள் அவரை அப்படித்தான் அழைக்கிறாள். கடைசியாக நான் போயிருந்தபோது, விடியுமுன் ஒலிபெருக்கி கரகரத்தது. கோயில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது, ஏழு மணிக்கு வந்து பார்க்க வேண்டும் என்று ஊர்த்தலைவர் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். பெயருக்கு முன்னால் ஃபரங் இல்லை, போ-யை என்று இருந்தது. அவர் ஆறரைக்கே திருகுச்சாவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் நாலு பேர் எங்கே போகிறார் என்று கேட்டார்கள், நாலு பேருக்கும் நின்று பதில் சொன்னார்.